தானாக எடுக்கும் அழைப்பு

பிரகதீஸ்வரி கையில் எடுத்த ப்ளூடூத் பெட்டியைக் கீழே வைக்கச் சொல்லி, சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் அவள் கணவன் சூர்யபிரகாஷ் கத்திக்கொண்டிருந்தான்.

"அது வேணாங்கிறேன்ல. பக்கத்துல கறுப்புப் பெட்டி இருக்கு பாரு, அத எடு."

"இதுல மைக் நல்லா இருக்குங்க. காத்து சத்தம் அந்தப் பக்கம் கேக்காதாம். எனக்கு அதுதான் வேணும்."

"அதுல ஆட்டோ ஆன்சர் கிடையாது. ரெண்டு வாரமா வீடியோவா பாத்துட்டுத்தான் சொல்றேன். சொன்னதக் கேளு."

தஞ்சாவூர் கீழவாசலில் ஹெல்மெட்டும் அது சார்ந்த சாமான்களும் விற்கும் கடை அது. நடத்தும் கமருன்னிஸாவுக்குச் சொந்த ஊர் கூத்தாநல்லூர். ஐம்பது வயதைத் தாண்டியவர்; வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

"ஏம்மா, ஹெல்மெட்ட மாட்டப்போறது நீயா, போன்ல இருக்கவரா?" என்றார். "ஒரு முடிவுக்கு வாங்க. எனக்கு வேற வேலை இருக்கு."

"கடைக்காரம்மாவ வாய மூடிக்கிட்டு மாட்டச் சொல்லு" என்றது போன்.

சாலியமங்கலத்துக்கு உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்தில் அவர்களுக்கு நிலம். மாமனார் இறந்த பிறகு சாகுபடி முழுவதும் பிரகதீஸ்வரியின் தலையில். வயல், உரக்கடை, கூட்டுறவு சொசைட்டி, நெல் கொள்முதல் நிலையம் என்று பொழுதெல்லாம் ஸ்கூட்டரில்தான். வண்டியில் போகும்போதுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஓரங்கட்டி நிறுத்திப் பேசி மாளவில்லை. ஹெல்மெட்டுக்கு ப்ளூடூத் வேண்டும் என்று அவள் கேட்டு வருடம் ஒன்றாகியிருந்தது. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆடியில் மாமியார் கமலாம்பாள் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கீழே கிடந்தபடியே மருமகளைக் கூப்பிட்டிருக்கிறாள். போன் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் அடித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகு சூர்யபிரகாஷ் தினமும் சொல்வது ஒன்றுதான்: "அன்னைக்கி நீ எடுத்திருந்தா?" இப்போது அவனே வாங்கிக் கொடுக்கிறான். எந்த அழைப்பு வந்தாலும், யாரும் பொத்தானைத் தொடாமல், தானாகவே எடுத்துக்கொள்ளும் கருவி.

கறுப்புப் பெட்டியே முடிவாயிற்று.

கமருன்னிஸா ஹெல்மெட்டின் கன்னப் பஞ்சுகளைப் பிடுங்கி மேசைமேல் போட்டார். "காது எங்க வருதுன்னு பாக்கணும். மாட்டிக்க." அவள் மாட்டியதும், பக்கவாட்டில் விரலை நுழைத்து அழுத்திப் பார்த்தார். "இங்கயா? வலிக்குதா? வாயத் திறந்து சொல்லு. அப்புறம் காது மடல் எரியுதுன்னு வந்து நிக்கக் கூடாது."

"மைக்க வாய்க்குக் கிட்ட வைக்கச் சொல்லு" என்றான் சூர்யபிரகாஷ். "மெதுவாப் பேசுனாலும் கேக்கணும்."

காதுக்குழியில் ஸ்பீக்கர்களை ஒட்டி, வயரைப் பஞ்சுக்கு அடியில் செருகி, தாடைப் பகுதியின் உட்புறம் மைக்கை ஒட்டினார். இடதுபுறம் வெளியே, கருவியைக் கிளிப்பில் மாட்டினார். அங்கிருந்தே சூர்யபிரகாஷ் கூப்பிட்டுப் பார்த்தான். இரண்டு முறை மெல்லிய 'கீச்', உடனே அவன் குரல், மண்டைக்குள்ளிருந்து வருவது போல.

"இனிமே நீ தப்பிக்க முடியாது" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

முதல் வாரம் வசதியாகத்தான் இருந்தது. உரக்கடைக்காரரிடம் வண்டியை நிறுத்தாமலே பேசினாள். பிறகு சூர்யபிரகாஷ் ஆரம்பித்தான். அவள் சாவியைத் திருகும் நேரம் அவனுக்கு எப்படித் தெரியுமோ, கமலாம்பாள் சொல்லிக் கொடுத்தாளோ, தெருமுனை தாண்டுவதற்குள் 'கீச், கீச்' வந்துவிடும். எங்கே போகிறாய், ஏன் இந்த வழி, அம்மாவுக்குச் சோறு வைத்தாயா, நேற்று யாரிடம் அவ்வளவு நேரம் பேசினாய். எதிரே மணல் லாரி வரும்; காதுக்குள் அவன் திட்டிக்கொண்டிருப்பான். அழைப்பைத் துண்டிக்க ஒரு கையை விட்டுக் கருவியின் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். மேடு பள்ளத்தில் அது முடிகிற காரியமில்லை.

வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் அந்தக் கருவி தானாக எடுக்காது. அதைக் கண்டுபிடித்ததும் அவன் சாதாரண அழைப்புக்கு மாறிக்கொண்டான்.

புரட்டாசியில் குறுவை முற்றி நின்றது. வானம் தினமும் சாயங்காலம் கறுத்தது. ஈர வயலில் இறங்கி அறுக்கும் பெல்ட் மிஷினுக்குத் தட்டுப்பாடு. அந்தப் பக்கத்தில் அறுவடை மிஷின் வைத்திருந்தவன் இனியவன். அவனுடைய தாத்தா, சூர்யபிரகாஷ் வீட்டு வயலில் கூலிக்கு நடவு நட்டவர். இனியவன் இன்ஜினியரிங் முடித்து, சொந்தமாக மிஷின் போட்டு, குத்தகைக்கு நிலமும் எடுத்திருந்தான். அவன் பைக்கில் வந்து வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அவளுடைய ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்று பேசினான். ஹெல்மெட் கண்ணாடிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. தூறல் சத்தத்தில் உள்ளே கீச்சிட்டதை அவள் கவனிக்கவில்லை.

"நாளன்னைக்கி அனுப்பிடுறேங்க்கா. அண்ணன் என்ன சொல்றாரு? இன்னும் நாலு நாள் காயட்டும்னு சொன்னாராமே?"

"அவரு ஏசியில உக்காந்துகிட்டு காயட்டும்பாரு. இங்க மேகம் இறங்குறது அவருக்கு எங்க தெரியப்போவுது? நீங்க அனுப்புங்க தம்பி, நான் பாத்துக்கிறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

மறுநாள் காலை, கட்டிலில் கிடந்த கமலாம்பாளுக்குக் காப்பி கொடுக்கும்போது அவள் டம்ளரை வாங்கவில்லை.

"என் மகன் ஏசியில உக்காந்திருக்கானா?"

பிரகதீஸ்வரி டம்ளரைக் கட்டிலோரம் வைத்தாள். "யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? கிரேன் மேல ஏறி முதுகு ஒடிஞ்சி சம்பாதிக்கிறான். நீ கண்ட தெருப் பயலோட நின்னு இளிச்சிக்கிட்டு அவனப் பேசுற."

கூடத்துக்கு வந்து போனை எடுத்து, வந்திருந்த அழைப்புகளைப் பார்த்தாள். அவன் பேர். நேற்று அவள் இனியவனோடு நின்ற அதே நேரம். நீளமான அழைப்பு. அதற்கு முன்னும் ஐந்தாறு இருந்தன, அவள் ஒரு வார்த்தைகூட அவனோடு பேசியிராத அழைப்புகள். சொசைட்டி வாசலில் நின்றபோது ஒன்று. அவளுடைய அண்ணன் வந்து வாய்க்கால் கரையில் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்று. அங்கேயே நின்று அவனைக் கூப்பிட்டாள்.

"ஒட்டுக் கேட்டீங்களா?"

"என் பொண்டாட்டி பேசுறத நான் கேக்குறதுக்குப் பேரு ஒட்டுக் கேக்குறதா? மறைக்க ஒண்ணுமில்லன்னா உனக்கு ஏன் இவ்வளவு கோவம்?"

"வெக்கமா இல்லயா உங்களுக்கு?"

"உனக்கு இல்லாத வெக்கம் எனக்கு எதுக்குடி? அந்த மிஷின் நம்ம வயல்ல இறங்கக் கூடாது. அவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

சொன்னபடியே இனியவனைக் கூப்பிட்டுப் பேசினான். என்ன பேசினான் என்பது, மிஷின் வராத அன்று அவள் இனியவனின் கொட்டகைக்குப் போனபோதுதான் தெரிந்தது. மிஷினுக்கு அடியில் படுத்து பெல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தவன் எழுந்து வரவில்லை.

"தம்பி, அவரு பேசுனதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கிறேன்."

"அவரு பேசுனதுக்கு நீங்க எதுக்கு மேடம் கேக்கணும்?"

அதுவரை அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பயிரு சாஞ்சிரும் போல இருக்கு. இன்னைக்கு மட்டும்..."

இனியவன் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான். "ஜாதியச் சொல்லித் திட்டுனாரு. என்னை மட்டுமில்ல, எங்க அம்மாவையும். எங்க தாத்தாவா இருந்தா தலையக் குனிஞ்சி கேட்டுக்கிட்டு, மறுநாளும் உங்க வயலுக்கு வந்திருப்பாரு. நான் வர மாட்டேன். போலீசுக்குப் போகாம விட்டேன்ல, அதோட போதும். உங்க வீட்டு சண்டைக்குள்ள என்னை இழுக்காதீங்க. கெளம்புங்க."

அன்று சாயங்காலமே பெருமழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. கதிர் முற்றிய பயிர் பாய் விரித்தது போலப் படுத்தது. பேராவூரணிப் பக்கமிருந்து வேறொரு மிஷின் வந்து சேர்ந்தபோது, தண்ணீரில் கிடந்த கதிர்களில் பச்சையாக முளை விட்டிருந்தது. மிஷின் பாதியைத்தான் வாரியது. மீதியைச் சேற்றிலேயே மிதித்துவிட்டுப் போனது.

மறுநாள் அவள் கீழவாசல் கடைக்குப் போய் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தாள்.

"கழட்டணுமா?" என்றார் கமருன்னிஸா. "திருப்பியெல்லாம் எடுக்க மாட்டேன்."

"ஸ்பீக்கர மட்டும் எடுத்துடுங்க. மைக் இருக்கட்டும்."

"என்னது?"

"நான் பேசுறது அந்தப் பக்கம் கேக்கணும். அந்தப் பக்கம் பேசுறது எனக்குக் கேக்கக் கூடாது."

கமருன்னிஸா அவளை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாம் ஒரே வயர்க்கட்டு. ஸ்பீக்கர் வயர வெட்டித்தான் எடுக்கணும். வாரண்டி போயிடும். அப்புறம் வந்து என்கிட்ட சண்டை போடக் கூடாது."

"போட மாட்டேன். வெட்டுங்க."

"பைத்தியக்காரக் குடும்பமா இருக்கே" என்று முனகியபடி கமருன்னிஸா கட்டிங் பிளேயரை எடுத்தார்.

திரும்பும்போது ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த போனையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். புறவழிச்சாலை தாண்டியதும் திரையில் அவன் பேர் வந்தது. கருவி அழைப்பைத் தானாக எடுத்துக்கொண்டது. நொடிகள் ஓடத் தொடங்கின. ஹெல்மெட்டுக்குள் காற்றைத் தவிர ஒன்றுமில்லை.

"கேளுங்க" என்றாள். "நீங்க கத்துறது எனக்குக் கேக்காது. ஸ்பீக்கர வெட்டிட்டேன். நான் பேசுறது மட்டும் உங்களுக்குக் கேக்கும். அதுக்குத்தான ஆசப்பட்டீங்க?"

அழைப்பு துண்டிக்கப்பட்டது. உடனே மறுபடி வந்தது. அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"கீழ வயல்ல பாதி நெல்லு முளைச்சிருச்சி. மிஷின வர விடாம பண்ணுனது நீங்க. அந்தப் பையன் அம்மாவ என்ன சொன்னீங்கன்னு அவன் சொன்னான். அந்த வார்த்தைய என் வாயால சொல்ல மாட்டேன். நீங்க சொன்னீங்க. போன்ல, தூரத்துல இருந்துகிட்டு. எதிர்ல நின்னு சொல்லியிருப்பீங்களா?"

மறுபடி துண்டிப்பு. மறுபடி அழைப்பு. ரயில்வே கேட் மூடியிருந்தது. பக்கத்தில் நின்ற வேன்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை.

"உங்க அம்மா விழுந்த அன்னைக்கி நான் எங்க இருந்தேன்னு இதுவரைக்கும் கேட்டிருக்கீங்களா? சொசைட்டி வாசல்ல, யூரியாவுக்கு, வெயில்ல வரிசையில நின்னேன். உங்க வயலுக்கு. அத நீங்க கேக்கல. உங்க அம்மா கேக்கல. எடுக்கலங்கிறது மட்டும்தான் ஞாபகம். பதினோரு வருஷத்துல நான் பேசி நீங்க குறுக்க பேசாம கேக்குறது இதான் மொத தடவ. அதுவும் உங்களால முடியாததால."

கேட் திறந்தது. அழைப்பு துண்டாகவில்லை. அவள் பேசிக்கொண்டே போனாள்: தனக்கு உடம்பு முடியாதபோது தனியாக டாக்டரிடம் போனது, அண்ணனிடம் தான் அழுததை அவன் ஒளிந்திருந்து கேட்டது, அவன் குரல் காதுக்குள் வரும்போதெல்லாம் எதிரே வரும் லாரியைப் பார்த்து மனசில் தோன்றிய யோசனை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திப் பார்த்தாள். நொடிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவளே துண்டித்தாள்.

அதன் பிறகு அவன் அவளைக் கூப்பிடவில்லை. அம்மாவிடம் மட்டும் பேசினான். கமலாம்பாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அவனுக்குப் பதில் சொன்னாள். வீட்டுக்குள் யாரும் யாரோடும் தேவைக்கு மேல் பேசவில்லை. பிரகதீஸ்வரிக்கு அது ஓய்வாகத்தான் இருந்தது. சம்பா நடவை முடித்தாள்.

பொங்கலுக்கு அவன் விடுப்பில் வந்தான். பெட்டியைக் கூடத்தில் வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். வெட்டிய வயர் நுனிகள் பஞ்சுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்தன. திருப்பி மாட்டிவிட்டுக் குளிக்கப் போனான்.

மறுவாரம் சம்பா அறுவடைக்கு மிஷின் பேச அவனே கிளம்பினான். ஒரு மணி நேரத்தில் முகம் சிவந்து திரும்பினான். அவளே இனியவனின் கொட்டகைக்குப் போனாள்.

"வந்தாரு" என்றான் இனியவன். "மன்னிப்பெல்லாம் கேக்கல. மிஷின் வேணும்னாரு. இல்லன்னேன். சரின்னுட்டு நின்னாரு, அப்புறம் போயிட்டாரு. அவரு சிங்கப்பூருக்குக் கெளம்புனப்புறம் நீங்க வாங்க, யோசிக்கிறேன்."

"அதுவரைக்கும் பயிரு நிக்காது. அதுவுமில்லாம, அவரு போனப்புறம் ஒளிச்சி அறுக்கணும்னு எனக்கு ஒண்ணும் தலையெழுத்து இல்ல. அனுப்புறதா இருந்தா அவரு இருக்கும்போதே அனுப்புங்க. நீங்களே ஓட்டிட்டு வாங்க. பேசுறதெல்லாம் என்கிட்ட பேசுங்க."

இனியவன் போனை எடுத்துத் தேதியைப் பார்த்தான். "உங்களுக்காகன்னு நெனச்சிக்காதீங்க. அந்தப் பக்கம் வேற வேலையும் இருக்கு. வியாழக்கிழமை வரேன்."

வியாழக்கிழமை பனி விலகியதும் மிஷின் வயலில் இறங்கியது. இனியவன் ஓட்டினான். சூர்யபிரகாஷ் வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மிஷின் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் இரண்டு பேரும் நேருக்கு நேர் வந்தார்கள். இனியவன் அவனைத் தாண்டிப் பார்த்தான். ஒருமுறை சூர்யபிரகாஷ் எதையோ சொல்ல வாயைத் திறந்தான்; மிஷின் இரைச்சலில் எடுபடவில்லை. பிரகதீஸ்வரி அந்தப் பக்கம் திரும்பவில்லை. டிராக்டர் பெட்டியில் மஞ்சளாகக் கொட்டிய நெல்லில் ஒரு கை அள்ளி, ஈரம் இருக்கிறதா என்று கடித்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அடுத்த வயலுக்குப் போகச் சொல்லி இனியவனுக்குக் கையைக் காட்டினாள்.