சியாமளா வீட்டு வெயில்

பெருந்தொற்றுக்கு முந்தைய கோடையில், புனே பக்கம் தாபோடியில் சியாமளாவின் வீட்டில் மட்டும் மே மாதம் முழுவதும் சூரியன் அஸ்தமிக்கவில்லை. மற்ற வீடுகளில் வழக்கம்போல ஏழு மணிக்கு மேல் இருட்டியது, கொசு வந்தது, ஜனங்கள் சீரியல் பார்த்துவிட்டுத் தூங்கினார்கள். இரண்டாம் மாடியில் அந்த ஒரு வீட்டு ஜன்னல்களில் காலைப் பத்து மணி வெயில் அப்படியே நின்றிருந்தது. மின்சார வாரியத்திலிருந்து வந்தவர் மீட்டரைப் பார்த்து, திருட்டு எதுவும் இல்லை என்று சொல்லி, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். மேல் மாடிக்காரர்கள் பப்படத்தையும் மிளகாயையும் கொண்டுவந்து அவள் பால்கனியில் பரப்பினார்கள். ராத்திரியிலும் காய்ந்ததால் அந்த வருஷம் பப்படம் சீக்கிரம் ஆயிற்று.

சியாமளாவுக்கு அப்போது நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி மாயவரத்திலிருந்து வந்தவள், ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவன் பத்ரி ஆகுர்டியில் வண்டி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். மகள் வைஷு ஒன்பதாவது முடித்திருந்தாள். வெயில் நின்ற அந்த வாரங்களில் சியாமளா தூங்கவில்லை, களைக்கவும் இல்லை. கட்டிடத்துக் குழந்தைகளுக்கெல்லாம் இலவச டியூஷன் ஆரம்பித்தாள். தையல் பள்ளி வைக்கப்போவதாக மெஷின்கள் வரவழைத்தாள். ஹாலுக்குப் பாதி மஞ்சள் அடித்துவிட்டு மீதியை நீலமாக்கினாள். இத்தனை வருஷம் நாக்கில் வராத மராட்டி அவளுக்கு அருவியாகக் கொட்டியது. அந்த வாரங்களில் அவளை எல்லோருக்கும் பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிடிக்காதது வீட்டில் இருந்த மற்ற இரண்டு பேருக்குத்தான்.

"அப்பா, எனக்குத் தூக்கமே வரல. லைட் பந்த் பண்ணச் சொல்லு அம்மாவை" என்றாள் வைஷு, கண்ணில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு.

"அது லைட் இல்லடி. வெய்யில்" என்றான் பத்ரி. அவனும் கட்டிலுக்கு அடியில் படுக்கப் பழகியிருந்தான்.

கணபதி விழாவுக்கு முந்தின வாரம் ஒருநாள் காலை சூரியன் அந்த வீட்டுக்குள் வரவில்லை. வெளியே வெளிச்சம் இருந்தது, ஜன்னலும் திறந்திருந்தது, ஆனால் வெளிச்சம் ஜன்னல் கம்பியோடு நின்றுவிட்டது. பல்பைப் போட்டால் அதன் சூடு மட்டும் தெரிந்தது. சியாமளா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. பத்ரி இருட்டில் தடவித் தடவிக் குக்கர் வைத்தான், விசிலைக் காதால் பார்த்து இறக்கினான். வைஷு படிக்கட்டில் உட்கார்ந்து பாடம் படித்தாள். மாயவரத்திலிருந்து மாமியார் போனில் சொன்ன பரிகாரங்களை எல்லாம் பத்ரி செய்தான். விளக்கு ஏற்றச் சொன்னதைத் தவிர. அந்த இருட்டில் விளக்கு எரிகிறதா என்று தெரிந்துகொள்ள விரலால் தொட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசியில் பத்ரி கூட்டிப்போன மனநல டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வெயிலைப் பற்றிச் சொன்னபோது தலையை ஆட்டினார், இருட்டைப் பற்றிச் சொன்னபோதும் அப்படியே. இதற்கு பைபோலார் என்று பெயர், மாத்திரை இருக்கிறது, நாளாகும், நடுவில் நிறுத்தக் கூடாது, ரத்தம் அடிக்கடி சோதிக்க வேண்டும் என்றார். மாத்திரை வேலை செய்தது. சில வாரங்களில் வீட்டுக்குள் பொழுது விடிந்தது. ஊரை விடக் கொஞ்சம் தாமதமாகத்தான், அதுவும் மூட்டம் போட்ட வெளிச்சமாக. சியாமளா பள்ளிக்கூடம் போனாள். மாத்திரையால் கை லேசாக நடுங்கியதால் போர்டில் வட்டம் சரியாக வரவில்லை. எந்நேரமும் தாகமாக இருந்தது. எல்லோரும் நிம்மதி என்றார்கள். அவள் மட்டும் பால்கனியில் நின்று அந்தச் சாம்பல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தொலைந்த சங்கிலியைத் தேடுகிறவள் தரையைப் பார்ப்பதுபோல இருக்கும் அது.

ஊரடங்கெல்லாம் முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்த சமயம், யாருக்கும் சொல்லாமல் அவள் மாத்திரையை நிறுத்தினாள். இந்த முறை வெயில் வீட்டோடு நிற்கவில்லை. சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்கும் கீழ் மாடிக்கும் போயிற்று. கட்டிடத்தில் ஒருவரும் தூங்க முடியவில்லை, செடிகள் மட்டும் கண்டபடி பூத்தன. குடியிருப்பு சொசைட்டி செக்ரட்டரி ஜம்புநாதன் வங்கியில் ஓய்வு பெற்றவர், ஒழுங்குக்காரர். வெயிலைச் சொந்த வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும்படி நோட்டீஸ் ஒட்டினார். வகுப்பில் குழந்தைகளுக்குக் கண் கூசுகிறது என்று பள்ளிக்கூடத்தில் அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு வந்த இருட்டு முந்தையதைப் போல் இல்லை. அதற்கு எடை இருந்தது. கதவைத் திறந்து உள்ளே போகும்போது ஈரக் கம்பளியைத் தள்ளுவதுபோலத் தோளால் தள்ள வேண்டியிருந்தது.

பத்ரி நல்லவன். ஆனால் நல்லவனாக இருந்து இருந்து களைத்துப்போயிருந்தான். ஒருநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பியவன் தொழிற்சாலைக்குப் போகவில்லை. ஆகுர்டி ஸ்டேஷன் பெஞ்சில் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். லோனாவ்ளா லோக்கல் ரயில் போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. ஒன்றில் ஏறிக் கடைசி ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து வேறெங்காவது போய்விடலாம் என்று நினைத்தான். அதைச் செய்யக்கூட எழுந்திருக்கத் தெம்பில்லை.

அதே நேரம் கீழ் வீட்டு மும்தாஜ் கொத்தமல்லிக் கட்டு ஒன்றைக் கொடுக்க மேலே வந்தாள். ஆம்பூர்க்காரி, வயதில் மூத்தவள், கணவர் போன பிறகு தனியாக இருப்பவள். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து சியாமளாவின் குரல் மட்டும் வந்தது.

"அக்கா, நான் இல்லேன்னா இந்த ஆத்துல வெளிச்சம் வந்துடும். யோசிச்சுப் பாத்துட்டேன். கணக்கு சரியாத்தான் வரது."

மும்தாஜ் பதறவில்லை. குரல் வந்த திசையில் நடந்துபோய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள், கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"சாவணும்னு தோணுதாம்மா?"

"தோணறது."

"சரி. நான் இங்கேயே இருக்கேன். எனக்குக் கீழ ஒண்ணும் வேலை இல்ல."

ஒரு கையை விடாமல் மறு கையால் பத்ரிக்குப் போன் செய்தாள். பெஞ்சில் இருந்தவன் பெயரைப் பார்த்து எடுத்தான். "தம்பி, நீ எங்க இருந்தாலும் வா. திட்ட மாட்டேன், வா" என்றாள். அவன் எதிர்த் திசை லோக்கலில் ஏறினான். தாபோடியில் இறங்கி, பேன்ட் முழங்கால் கிழிய விழுந்து எழுந்து வந்தபோது, வீட்டில் மும்தாஜோடு, அவள் கூப்பிட்டு வந்த ஜம்புநாதனும் இருந்தார். நோட்டீஸ் ஒட்டின அதே ஜம்புநாதன். மருந்து, கத்தி, கயிறு என்று கையில் பட்டதையெல்லாம் பையில் போட்டுத் தன் வீட்டு பீரோவில் பூட்டிவிட்டு, ஆட்டோவையும் வாசலில் நிறுத்தியிருந்தார். "டாக்டர் உடனே வரச் சொல்லிட்டார். நான் பேசிட்டேன். கிளம்புங்கோ" என்றார்.

ஆட்டோவில் பத்ரி தான் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னான். சியாமளா அவன் பேன்ட்டின் கிழிந்த முழங்காலைப் பார்த்தாள். பிறகு, "திரும்பி வந்தேளே" என்றாள். அவ்வளவுதான். அவர்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி அப்புறம் பேசியதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் இருட்டு பல வாரம் இருந்தது. அந்த வாரங்களில் கட்டிடம் முறை வைத்துக்கொண்டது. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை, தண்ணீர் லாரி வரும்போது படிக்கட்டில் பேசிக்கொண்டதுதான். காலையில் மும்தாஜ் வந்து கட்டிலருகே உட்கார்ந்து பட்டாணி உரிப்பாள், அதற்கு வெளிச்சம் தேவையில்லை. மத்தியானம் ஜம்புநாதன் வந்து தான் வேலை பார்த்த கிளைகளின் கதைகளைச் சொல்லுவார், சொல்லும்போதே தூங்கிப்போவார். அவர் குறட்டை கேட்டுச் சியாமளா ஒருநாள் சிரித்தாள். பத்ரி அந்த நேரங்களில் கீழ் வீட்டு சோபாவில் படுத்து, பல வருஷத் தூக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கினான்.

டாக்டரம்மா சொல்லித்தான் அவள் ஆகுர்டியில் சனிக்கிழமைகளில் இந்த நோய் உள்ளவர்கள் கூடும் குழுவுக்குப் போனாள். ஒரு கல்யாண மண்டபத்தின் பின்னறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஸ்டீல் டிரம்மில் டீ. நடத்துகிறவர் ராம்பிரசாத், ஒரு தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர், புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். சியாமளா தயங்கித் தயங்கி வெயிலைப் பற்றிச் சொன்னாள். ஒருவரும் புருவத்தைத் தூக்கவில்லை. ராம்பிரசாத் தன் வீட்டில் நல்ல காலத்தில் சுவர்கள் நகர்ந்து ஹால் மைதானமாகிவிடும் என்றும், கெட்ட காலத்தில் கூரை இறங்கி முட்டி போட்டுத்தான் கழிவறைக்குப் போக முடியும் என்றும் சொன்னார். கராடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பெண், தான் பேசிய வார்த்தைகள் வீட்டுக்குள் கொடியில் துணிபோலத் தொங்குவதாகவும், ஒதுக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருப்பதாகவும் சொன்னாள்.

"இது போகவே போகாதா?" என்று கேட்டாள் சியாமளா.

"என்னோடது போகலை. தீஸ் சாலாச்சு, முப்பது வருஷம்" என்றார் ராம்பிரசாத். "ஆனா இப்போ கூரை அசையறப்பவே தெரிஞ்சுடும். உடனே அண்ணனுக்குப் போன் அடிப்பேன். முன்னாடி எல்லாம் தலையில இடிச்சப்புறம்தான் தெரியும். டீ எடுத்துக்கோங்க, ஆறிடும்."

போகாது என்று ஒருவர் இவ்வளவு சாதாரணமாகச் சொன்னது அவளுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. பிறகு மாத்திரையை நிறுத்தவில்லை. நிறுத்தத் தோன்றிய நாட்களில் வைஷுவிடம் சொன்னாள். கல்லூரிக்குப் போக ஆரம்பித்திருந்த வைஷு மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டி, "முதல்ல இது, அப்புறம் சண்டை போடலாம்மா" என்பாள்.

வருஷங்கள் போயின. வெயிலும் இருட்டும் முழுக்கப் போகவில்லை. சில கோடைகளில் அந்த வீட்டில் எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும், அப்போது பத்ரி டாக்டரிடம் நாள் கேட்பான். சியாமளா பழைய பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை, வீட்டிலேயே கொஞ்சம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறாள். புதிதாகக் குடிவருகிறவர்களிடம் வாட்ச்மேன் தண்ணீர் வரும் நேரத்தையும் குப்பை எடுக்கும் நேரத்தையும் சொல்லிவிட்டு, இரண்டாம் மாடி வெயிலைப் பற்றியும் சொல்கிறார். பெரும்பாலும் அவர்கள் தண்ணீரைப் பற்றித்தான் மறுபடி கேட்கிறார்கள்.

இந்த வருஷம் மழை தொடங்கிய வாரம், சியாமளா காலையில் காபி போட்டுக்கொண்டிருந்தபோது சமையலறை மூலை மங்கியது. அங்கே மாட்டியிருந்த கரண்டிகள் ஒவ்வொன்றாகத் தெரியாமல் போயின. அவள் அடுப்பை அணைத்தாள். பத்ரியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள், அவன் அரை நாள் லீவு போட்டு வருவதாகச் சொன்னான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மாடி இறங்கி, மும்தாஜ் வீட்டுக் கதவைத் தானே தட்டினாள்.

"அக்கா, வர ஆரம்பிச்சுடுத்து."

மும்தாஜ் அவள் முகத்தைப் பார்த்தாள். "சரி, உள்ள வா. பால் பொங்கற மாதிரி இருக்கு, இறக்கிட்டு வரேன். ரெண்டு பேரும் மேல போலாம்."

பாலை இறக்கி மூடிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் வந்தாள். மும்தாஜின் முழங்கால் வலியால் இருவரும் மெதுவாக ஏறினார்கள். மேலே கதவைத் திறந்தபோது ஹாலில் இருட்டு இடுப்பளவு வந்திருந்தது. அவர்கள் உள்ளே போய் அதில் உட்கார்ந்தார்கள்.