சர்ச்சுக்குக் கொடுத்த மான்கறி

ஜோலீன் வீட்டு நிலவறையில் இரண்டு ஃப்ரீசர். சர்ச் சார்பில் ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் பொறுப்பு அவளுடைய அக்கா வெர்னாவுக்கு. வருடா வருடம் மான் வேட்டை முடிந்ததும் தங்கை வீட்டுக்காரன் ராய்ஸ் தரும் அரைத்த கறியை வாங்கிப்போக அவள்தான் வருவாள். அன்றும் வந்தவள், கைக்கு எட்டிய ஃப்ரீசரைத் திறந்தாள்.

"ஐயோ அக்கா, அதத் தொடாத! அது எங்களுக்கு. சர்ச்சுக்கு அந்தாண்ட இருக்கு."

"ரெண்டும் மான்தானேடி?"

"எங்களுது செம்புத் தோட்டாவுல சுட்டது. ஈயம்னா பட்டதும் உதிர்ந்து அந்த விஷம் கறியெல்லாம் தூளாப் பரவிடுமாம். புள்ளைங்க இருக்கிற வீட்டுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவருகிட்டதான் பழைய ஈயத் தோட்டா மலையாக் கெடக்கே, வீணாப் போகுமேன்னு சர்ச்சு மானுக்கு அதப் போடறாரு."

ஏதோ பழைய துணியைத் தானம் கொடுத்ததுபோலச் சொன்னாள் பாவி. வெர்னா திறந்த ஃப்ரீசரைப் படாரென்று மூடினாள். ஈய ஆலை மூடியதில் அவள் மருமகனுக்கு வேலை போனதிலிருந்து, ஐந்து மாதக் கர்ப்பிணியான மகள் டெஸ்ஸாவின் வீட்டில் இந்தச் சர்ச் கறிதான் வேகிறது. ஏழைக்குத் தெரியவா போகிறது என்ற நினைப்பு! சீ, இதுவும் ஒரு தர்மமா?

ஈயத் தோட்டாவைத் தடைசெய்வது பற்றிப் பேச மாநில அதிகாரி வந்திருந்ததால், அன்று மாலை சர்ச் கூடத்தில் ஊரே கூடியது. மிசூரி மாநிலத்தில் அவர்கள் ஊர் பிழைத்ததே ஈயத்தில்தான். துப்பாக்கிக் கடைக்காரனான ராய்ஸ் மேடையேறிக் குதித்தான்.

"காத்து கெடுதுன்னு ஆலைய மூடுனீங்க. இப்ப தோட்டாவுலயும் கை வைக்கிறீங்க. நாளைக்கு கடையில ஒரு பெட்டி கெடைக்காது. எங்க தாத்தா ஈயத்துலதான் சுட்டாரு, நாங்களும் தின்னுதான் வளந்தோம். யாரு செத்தா?"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. வெர்னா எல்லோருக்கும் பீன்ஸ் சூப் ஊற்றிக்கொண்டே வந்தாள். ராய்ஸுக்கு மட்டும் ஒரு கிண்ணம் கறியைத் தனியாகக் கொண்டுபோய் வைத்தாள்.

"பேசிக் களைச்சிருப்பீங்க மாப்பிள்ள. உங்களுக்குன்னே வதக்கினேன், சாப்பிடுங்க."

"ஆகா! மதினி கைப்பக்குவத்தக் கேக்கணுமா!" என்று ஸ்பூனை எடுத்தான்.

"கறியும் உங்களுதுதான். நீங்க சர்ச்சுக்குக் கொடுத்தது."

ஸ்பூன் பாதி வழியில் நின்றது. ராய்ஸ் அதை மெல்லக் கீழே வைத்தான்.

"வயிறு சரியில்ல மதினி."

"என்னடா, ஈயம் தின்னு வளந்த வயிறாச்சே!" என்று ஒரு கிழவர் சீண்டினார். கூடம் சிரித்தது.

"ஒரு வாய் வைங்க. ஊரு பாக்குது," என்றாள் வெர்னா. கிண்ணத்தை அவன் முகத்தில் கவிழ்க்கவே அவளுக்குக் கை துறுதுறுத்தது.

ராய்ஸ் கிண்ணத்தைத் தள்ளிவிட்டான். "வேணாம்னா விடேன்! அது நாம திங்கிறதுக்கு இல்ல, இல்லாதவங்களுக்குக் கொடுக்கிறது!"

சிரிப்பு பட்டென்று நின்றது.

பின்வரிசையில் டெஸ்ஸா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஏன் சித்தப்பா," என்றாள், "அதுல என்ன இருக்கு?"