பெற்றிசியாக்கா வேலி கொடுத்த கதை

எங்கள் ஓலைத்தொடுவாயில் மண் காப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தலைவர் அமிர்தநாயகம் அண்ணன். அவருடைய குரலுக்காகத்தான் அவரைத் தலைவராக்கினோம், வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியாது. கோயில் ஒலிபெருக்கி பழுதான நாட்களில் அவரை முற்றத்தில் நிறுத்தினால் பேசாலை வரைக்கும் கேட்கும். நான் சபூரா, குழுவின் செயலாளர். அதாவது அவர் பேசுவார், நான் கூட்டத்துக்குக் கதிரை அடுக்குவேன்.

விஷயம் இதுதான். எங்கள் மணலில் ஏதோ கறுப்புத் தாது கலந்திருக்கிறதாம். அதை அள்ளிப் பிரித்துக் கப்பலில் ஏற்றினால், எங்கேயோ ஒரு நாட்டில் அதிலிருந்து வெள்ளைப் பெயின்ட் செய்வார்களாம். யாரோ ஒருவருடைய சுவர் பளிச்சென்று இருப்பதற்காக எங்கள் கிணறு உப்பாக வேண்டும். எங்கள் மன்னார்த் தீவு ஏற்கெனவே கடலுக்கு மேலே கொஞ்சம்தான் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வருஷத்துக்கு வருஷம் கடல் வேறு ஏறி வருகிறது. மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது இந்த மணல்தான். மணலை எடுத்தால் அந்த இடத்துக்குக் கடல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அமிர்தண்ணன் இதை விளங்கப்படுத்தத் தொடங்கினால் பகல் சாப்பாடு ஆறிவிடும். ஆனால் சொல்வது இவ்வளவுதான்.

எங்கள் ஒழுங்கையில், அதாவது இந்தச் சிறு தெருவில், நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்றுதான். அது அமிர்தண்ணனின் வளவில், அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவேயுள்ள வேலியை ஒட்டி இருக்கிறது. நான் தேத்தண்ணீர் போடுவதும் அந்தத் தண்ணீரில்தான். வீட்டுக்காரர் சம்மதிக்காமல் எந்த வளவிலும் மண்வெட்டி வைக்க முடியாது என்று மன்னாரில் அரசாங்கக் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். அதனால் கம்பெனிக்காரர் வீடு வீடாக வந்து பல்லைக் காட்டினார்கள். ஒருவரும் மசியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. அமிர்தண்ணன் பதாகைக்கு முன்னால் நின்று கையை உயர்த்தி, "ஒரு பிடி மண்ணும் தரமாட்டம்" என்று முழங்கினார். அதே நேரத்தில் எல்லோருடைய கைத்தொலைபேசியும் ஒன்றாகக் கிணுகிணுத்தது. ஊர் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்திருந்தது. கம்பெனியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். கீழே, "தலைவர் வீட்டிலிருந்தே முதல் சம்மதம், நன்றி" என்று கைகூப்பும் படம் வேறு.

வீடியோவில் இருந்தது அமிர்தண்ணனின் மனைவி பெற்றிசியாக்கா. கையில் முற்றம் கூட்டும் தும்புத்தடி, முகம் நிறையச் சிரிப்பு.

"ஹரி, ஹரி. எல்லாத்தையும் எடுங்கோ. பின்பக்கமும் கிடக்கு, அதையும் அள்ளிக்கொண்டு போங்கோ."

அவ்வளவுதான் வீடியோ. கூட்டம் திரும்பிப் பார்த்தது. அமிர்தண்ணனின் வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நிமிஷம் அவர் இருந்திருக்க மாட்டார். உயர்த்திய கையை இறக்கவும் மறந்துவிட்டார். நான்தான் போய் இறக்கிவிட்டேன்.

பெற்றிசியாக்கா வீட்டில் மீன் அரிந்துகொண்டிருந்தார். நாங்கள் ஒரு படையாகப் போய் முற்றத்தில் நின்றதைக் கண்டதும், யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மண்ணை ஏன் குடுத்தனீங்கள் அக்கா?" என்று கேட்டேன்.

"எந்த மண்ணை? நான் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கேல்லயே."

வீடியோவைக் காட்டினேன். அவர் மீன் கையைத் தூரப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஓ, இதுவோ. தொப்பி போட்ட தம்பி. நல்ல மரியாதையான பொடியன், சபூரா. அவர் வேலியையெல்லோ கேட்டவர்."

"வேலியையா?"

"ஓம். கழுதை வராமலுக்குக் கந்தோரால கம்பி வேலி தரப்போகினம் எண்டு நீதானே சொன்னனீ. பழசைக் கழட்டிக்கொண்டு போக வந்திருக்கினமாக்கும் எண்டு நினைச்சன். வேலியடியில நிண்டு கையைக் காட்டி, வெலி கன்னத, வெலி கன்னத எண்டு கேட்டவர். வேலியைத்தானே. எனக்குச் சிங்களத்தில ஹரி மட்டும்தான் தெரியும். அதைச் சொன்னனான்."

எனக்குச் சிங்களம் தெரியும். புத்தளத்தில் அகதியாக இருந்த காலத்தில் சந்தையில் பேரம் பேசிப் பேசி வந்த சிங்களம். சிங்களத்தில் வெலி என்றால் மணல், ஹரி என்றால் சரி. தொப்பிக்காரர் வேலியடியில் குவிந்திருந்த மணலைக் காட்டி, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். பெற்றிசியாக்கா நிமிர்ந்து வேலியைப் பார்த்திருக்கிறார். அந்த வேலியின் நிலைமைக்கு யார் வந்து கேட்டிருந்தாலும் நானும் கொடுத்துத்தான் இருப்பேன்.

நான் சொன்னதும் முற்றம் முழுக்கச் சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு கிணறு கண்ணில் பட்டது, சிரிப்பு நின்றுவிட்டது. ஹரி என்றது ஹரிதானே. நாளைக்கு இயந்திரத்தோடு வருவோம், சம்மதத்தைச் சரிபார்க்கக் கந்தோரிலிருந்தும் ஆள் வருவார் என்று கம்பெனி அடுத்த செய்தியும் போட்டுவிட்டது. அந்தக் கிணற்றில் நாளைக்கு உப்பு ஏறினால் நாங்கள் எங்கே போய்க் குடிப்பது?

அமிர்தண்ணனுக்கு அப்போதுதான் குரல் திரும்பி வந்தது. "நான் பேசிறன். நாளைக்கு ஒரு உரை நிகழ்த்தினா எல்லாம் சரி. இரவைக்கு எழுதிறன்."

"இஞ்சாருங்கோ, நீங்கள் பேசினது காணும்" என்றார் பெற்றிசியாக்கா. மீன் கையைக் கழுவினார். எழுந்தார். "அந்தத் தம்பியிட்ட எடுங்கோ எண்டு சொன்னனான். சொன்ன சொல்லை மாத்தேலாது. நாளைக்கு வரட்டும். வேலியைக் குடுப்பம்."

"எங்கட வேலியையா?" என்றார் அமிர்தண்ணன்.

"எல்லாற்ற வேலியையும்."

விடிந்ததும் ஊரே வேலி பிடுங்கியது. அப்படி ஒரு காட்சியை நான் கண்டதில்லை. கிடுகு வேலி, பனையோலை வேலி, தகரம், முள்ளுக்கம்பி, பழைய வலை கட்டிய வேலி, கட்டில் சட்டத்தை நிறுத்தி வைத்த வேலி, எல்லாம் ஒழுங்கைக்கு வந்தது. வேலிக்கு நட்ட கதியால் மரங்களை வேரோடு தோண்டினார்கள். ஒருவர் வாசல் படலையையும் கழற்றிக்கொண்டு வந்தார். படலை வேலியில் சேருமா என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. சேரும் என்று செயலாளர் என்ற முறையில் தீர்ப்புச் சொன்னேன். எனக்கும் அமிர்தண்ணன் வீட்டுக்கும் நடுவேயுள்ள வேலியைப் பிடுங்கத் தேவையே இருக்கவில்லை. பெற்றிசியாக்கா ஒரு பக்கம் பிடித்தார், நான் ஒரு பக்கம் பிடித்தேன், அது தானாகவே படுத்துவிட்டது. அதை யார் திருத்துவது என்று நாங்கள் எத்தனை வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தோம் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

வேலி போனதும் கழுதைகளுக்குப் பெருநாள். வளவு வளவாகப் போய்ப் பார்த்தன. கத்தரிச் செடிகளை ருசி பார்த்தன. கம்பெனிக்காரர் முன்பு அளவுக்கு நட்டுவிட்டுப் போன சிவப்புத் துணிக் கொடிகளையும் ஒன்று விடாமல் மென்றன. மன்னார்க் கழுதைகள் எந்தக் குழுவிலும் சேர்வதில்லை, ஆனால் அன்றைக்கு எங்கள் குழுவைவிட அதிகமாக வேலை செய்தன.

லொறியும் மண் அள்ளும் இயந்திரமும் வந்தபோது ஒழுங்கையில் வேலிமலை ஒன்று நின்றது. வெள்ளைச் சேட்டுப் போட்ட கம்பெனி முகாமையாளர் ஜீப்பிலிருந்து இறங்கி, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவருக்குப் பின்னால் தொப்பிக்காரர். பெற்றிசியாக்காவைக் கண்டதும் அந்த மனிதர் பாவம், கும்பிட்டார். அக்காவும் கும்பிட்டார்.

"வாங்கோ தம்பி. கேட்டதெல்லாம் எடுத்து வச்சிருக்கு. ஏத்துங்கோ."

ஏற்றவும் தொடங்கிவிட்டோம். லொறிச் சாரதி தடுக்க முன்னரே பாதிப் பெட்டி நிறைந்துவிட்டது. முகாமையாளர் சிங்களத்தில் கத்தினார். பிறகு ஆங்கிலத்தில் கத்தினார். கத்தக் கத்தக் கிடுகு ஏறிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் கந்தோரிலிருந்து வேணுஜா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். காணி விஷயம் பார்க்கும் உத்தியோகத்தர், இரண்டு பாஷையும் தண்ணீராகப் பேசுவார். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு வேலிமலையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

அமிர்தண்ணன் இதுதான் நேரம் என்று தொண்டையைச் செருமினார். இரவிரவாக எழுதிய உரையை எடுக்கக் கதிரைப் பக்கம் கையை நீட்டினார். உரை ஒரு கழுதையின் வாயில் இருந்தது. கடைசித் தாளின் ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது. அண்ணன் இழுத்தார், கழுதையும் இழுத்தது. கழுதைதான் வென்றது. எனக்கு அந்தக் கழுதையைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

"சம்மதம் இருக்கு எண்டு சொன்னீங்கள். வீடியோவைக் காட்டுங்கோ" என்றார் வேணுஜா.

முகாமையாளர் தன் கைத்தொலைபேசியை நீட்டினார். "ஹரி, ஹரி. எல்லாத்தையும் எடுங்கோ."

"இது வெட்டின துண்டு. எடுத்த ஆளிட்ட முழுசும் இருக்கும்தானே."

தொப்பிக்காரர் முகாமையாளரைப் பார்த்தார். முகாமையாளர் வானத்தைப் பார்த்தார். தொப்பிக்காரர் ஒரு பெருமூச்சு விட்டு, தன்னுடைய கைத்தொலைபேசியை எடுத்துக் கொடுத்தார். அந்தச் செயலுக்காக இன்றைக்கும் அவரில் எனக்கு ஒரு மதிப்பு உண்டு. முழு வீடியோவில் பெற்றிசியாக்காவின் குரல் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

"ஹரி, ஹரி. எல்லாத்தையும் எடுங்கோ. பின்பக்கமும் கிடக்கு, அதையும் அள்ளிக்கொண்டு போங்கோ. கழுதையள் முதுகு சொறிஞ்சு சொறிஞ்சு சரிச்சுப்போட்டுதுகள். ஆணியெல்லாம் கறள் தம்பி, கை கவனம். புதுசு வந்தா நாங்களே கட்டுவம்."

வேணுஜா அதைச் சிங்களத்தில் சொல் சொல்லாக மொழிபெயர்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கடைசியில் முகாமையாளரிடம் இரண்டு பாஷையிலும் கேட்டார். "உங்கட மணலில ஆணி இருக்கோ? அது கறள் பிடிக்குமோ? மணல்ல கழுதை முதுகு சொறிஞ்சா அது சரியுமோ?"

இயந்திரம் ஓட்ட வந்தவர்தான் முதலில் சிரித்தார். பிறகு லொறிச் சாரதி. முகாமையாளர் சிரிக்கவில்லை. அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை என்பதற்காக நாங்கள் என்ன செய்வது என்றார்.

"அப்ப விளங்கிற பாஷையில கேளுங்கோ" என்றார் வேணுஜா. "இப்ப, எனக்கு முன்னால. வீடியோ எடுத்துக்கொண்டு."

தொப்பிக்காரருக்குத் தமிழ் தெரியாது. வேணுஜா ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தார். அவர் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல உதட்டை அசைத்துப் பாடமாக்கினார். முதல் தடவை மணல் என்பதற்கு மாமா என்று சொல்லிவிட்டார். "மாமாவை வேணுமெண்டா எடுங்கோ, அவர் சும்மாதான் இருக்கிறார்" என்று பெற்றிசியாக்கா அமிர்தண்ணனைக் காட்டினார். இரண்டாம் தடவை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அக்காவை நேரே பார்த்துக் கேட்டார்.

"அம்மா. உங்கட மனல். நாங்கள் எடுக்கலாமா?"

இத்தனை மாதமும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை படம் காட்டினார்கள், எத்தனை பிஸ்கட் பக்கற் தந்தார்கள். இப்படி எங்கள் பாஷையில் ஒரு கேள்வியாக ஒருவரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெற்றிசியாக்காவின் கண் கலங்கியிருந்தது. அவர் கிணற்றை ஒரு தரம் பார்த்தார்.

"ஏலாது" என்றார்.

மொழிபெயர்க்க வேணுஜா வாயெடுத்தார். தொப்பிக்காரர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவருக்கு விளங்கிவிட்டது.

"அப்படியெண்டா வந்தனீங்கள் வெறுவாயோட போகாமல், தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று அக்கா வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார். தொப்பிக்காரர் இரண்டு கோப்பை குடித்தார். சாரதியும், இயந்திரக்காரரும் குடித்தார்கள். கடைசியில், ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்த முகாமையாளரும் இறங்கி வந்து குடித்தார். வெயில் அப்படி.

லொறி போகும்போது ஏற்றிய வேலியை இறக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அதனால் இப்போது ஓலைத்தொடுவாயில் எங்கள் ஒழுங்கைக்கு வேலி இல்லை. கம்பெனியிடம் போய்க் கேட்கலாம் என்று அமிர்தண்ணன் ஒரு உரை தயாரித்தார். பெற்றிசியாக்கா விடவில்லை. கொடுத்ததைத் திரும்பக் கேட்கிற பழக்கம் தன் வீட்டில் இல்லையாம். அந்த உரையையும் கழுதை தின்றுவிட்டது. தினமும் காலையில் நான் குடத்தோடு நேரே நடந்து கிணற்றடிக்குப் போகிறேன், சுற்றிப் போகத் தேவையில்லை. தண்ணீர் இன்னும் இனிக்கிறது.