கொசுறுக்கு ஆபரேஷன்

வீட்டில் நாய்க்குட்டி வளர்ப்பது என்று முடிவானதில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்குப் பெரிய பங்கு எதுவும் கிடையாது. மகள் கல்யாணமாகிப் போனபின் வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்றாள் மனைவி. அவர் "பார்க்கலாம்" என்று இழுத்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே காரை எடுக்கச் சொல்லி அவரோடு விலங்குகள் காப்பகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

பழைய கிடங்கின் பின்பக்கம்தான் காப்பகம். சிமெண்ட் குழாய்க்குள்ளிருந்து மீட்டு வந்த ஏழு குட்டிகள் அங்கே ஒரு தடுப்புக்குள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குஸ்தி போட்டுக்கொண்டிருந்தன. கடைசிக் குட்டி ஒரு கைக்குள் அடங்கிவிடும். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும், ஆறு வாங்கினால் இனாமாகக் கிடைத்தது போல இருந்ததால் அதற்குக் கொசுறு என்று பெயர் வைத்திருந்தார்கள். கொசுறு நேராக வந்து மாஸ்டரின் ஷூ லேஸைக் கவ்வி இழுத்தது. அவ்வளவுதான், மனிதர் விழுந்தார்.

கையோடு கூட்டிப்போகலாம் என்று அவர் கிளம்பியபோதுதான் காப்பகத்துக் கால்நடை டாக்டர் வந்து குறுக்கே நின்றாள். அவள் ஒரு காலத்தில் மாஸ்டரிடம் கார் ஓட்டக் கற்றவள். டெஸ்டில் மூன்று முறை கோட்டைவிட்டவளும்கூட. கருத்தடை ஆபரேஷன் முடியாமல் எந்தக் குட்டியும் வாசலைத் தாண்டாது என்று அவள் சொன்னதும் மாஸ்டர் கொதித்துப்போனார். பால் பல்கூட விழாத பச்சைக் குழந்தைக்குக் கத்தியா? வளரட்டும், ஒரு தடவையாவது தாயாகட்டும், அப்புறம் தானே கொண்டுவருவதாக வாதாடினார்.

"இதோட அம்மாவைக் கூட்டிட்டுப் போனவங்களும் வளரட்டும், கொண்டு வர்றோம்னுதான் சொன்னாங்க சார். அப்புறம் அவங்க வீடு மாத்திப் போயிட்டாங்க. அம்மா தெருவுக்கு வந்து, குழாய்க்குள்ள குட்டி போட்டுச்சு."

"நான் அந்த மாதிரி ஆள் இல்லம்மா. நான் சொன்னா சொன்னதுதான்."

டாக்டர் அவர் மனைவியைப் பார்த்தாள்.

"சமையலறைக் குழாய் ஒழுகுதுன்னு நான் சொல்லி மூணு வருஷமாச்சு டாக்டர்," என்றாள் மனைவி நிதானமாக. "நாளைக்குக் கட்டாயம் பார்க்கறேன்னு இன்னிக்குக் காலையிலகூட சொன்னார். நீங்க ஆபரேஷன் பண்ணியே குடுங்க."

மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். அவரை உட்காரவைத்து விளக்கினாள். இந்த வயதில் காயம் சின்னது, ரத்தம் அதிகம் போகாது, வளர்ந்த நாயைவிடச் சீக்கிரம் தேறிவிடும். குட்டி என்பதால் ஆபரேஷனுக்கு முன்னால் வெகுநேரம் பட்டினி போடக் கூடாது, உடம்புச் சூடு இறங்கவிடக் கூடாது. அந்த இரண்டிலும் தாங்கள் கண்கொத்திப் பாம்பாக இருப்போம் என்றாள். மாஸ்டர் தலையாட்டினார். மனசு மட்டும் ஆடவில்லை.

ஆபரேஷன் அன்று அவர் வகுப்புகளை ரத்து செய்துவிட்டு வந்து, காப்பகத்து நடைபாதையை நடந்து நடந்தே தேய்த்துக்கொண்டிருந்தார். சுவரிலிருந்த உண்ணி ஒழிப்பு போஸ்டர் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த மனைவி சொன்னாள்: "நம்ம பொண்ணு பொறந்தப்ப நீங்க கேண்டீன்ல டீ குடிச்சிட்டிருந்தீங்க."

கடைசியில் டாக்டர் கூப்பிட்டாள். வெந்நீர்ப் பைகளுக்கு நடுவே துண்டு சுற்றி, கொசுறு நாக்கின் நுனியை நீட்டிக்கொண்டு கிடந்தது. வயிற்றில் ஒரு விரல் அகலத்துக்குக்கூட இல்லாத தையல். மாஸ்டர் ஒற்றை விரலால் அதன் நெற்றியைத் தடவினார். சற்று நேரத்தில் அது ஒரு கண்ணைத் திறந்தது, எழுந்தது, நாலு காலும் நாலு பக்கம் போக, ஒரு குலுக்குக் குலுங்கிப் பொத்தென்று உட்கார்ந்தது.

"கிளட்ச்சைப் பட்டுனு விட்டுடுச்சு," என்றார் மாஸ்டர், "உங்களை மாதிரியே."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தாள். சாயங்காலத்துக்குள் கொசுறு கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, அவருடைய சாக்ஸைக் குதறத் தொடங்கியிருந்தது.

பத்து நாள் ஓடாமல் குதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினாள். அதைக் கொசுறிடம் யாரும் சொல்லவில்லை. கூடத்தில் தலையணைகளை அடுக்கி அரண் கட்டிவிட்டு, மாஸ்டர் நாள் முழுக்க "பிரேக், பிரேக்" என்று அதன் பின்னால் தவழ்ந்தார். தையல் சேர்ந்ததோ இல்லையோ, அவருக்கு முட்டி வலி வந்து சேர்ந்தது. மறுபடி காட்டப் போனபோது, காயம் இருந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எதிர்வீட்டு போட்டோகிராபருக்கும் கொசுறின்மேல் ஒரு கண். அது குட்டி போட்டால் தனக்கு ஒன்று வேண்டும் என்று அவர் துண்டு போட்டு வைத்தார்.

"அது போடாது," என்றார் மாஸ்டர். "குட்டி வேணும்னா வண்டியில ஏறுங்க."

வழியெல்லாம் பட்டினி, உடம்புச் சூடு, வெந்நீர்ப் பை என்று தானே கண்டுபிடித்தவர் போல விளக்கிக்கொண்டு ஓட்டினார். காப்பகத்தில் கொசுறின் அண்ணன் ஒருவன் இன்னும் ஆபரேஷனுக்குக் காத்திருந்தான். போட்டோகிராபர் அவனைத் தூக்கிக் கொஞ்சினார். இத்தனூண்டு உயிருக்குப் போய் ஆபரேஷனா என்று அவர் முகம் சுளித்தபோது, மாஸ்டர் அவர் தோளில் கைபோட்டு, அந்தப் பெஞ்சுக்கே அழைத்துப்போய் உட்காரவைத்தார்.