பத்து நகங்களுக்கு ஊதா

மருந்து ஏற்றி ஏற்றித் தங்கச்சியின் பத்து நகங்களும் கறுத்துவிட்டன. முடி கொட்டியபோதுகூட அவள் இப்படி அழவில்லை. அவள் பெற்ற ஆறு வயது வாலு, ‘பேய் நகம்’ என்று பெயர் வைத்துவிட்டது. அம்மா ஊட்ட வந்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். நாலு சாத்தலாம் என்று கை துறுதுறுக்கும். குழந்தைக்கு என்ன தெரியும் என்று தங்கச்சிதான் தடுப்பாள்.

டாக்டர் கையை விரித்துவிட்டது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். இருக்கிற கொஞ்ச நாளில் மகள் தன் கையை ஒருமுறையாவது பிடிக்க வேண்டும். தங்கச்சி ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை என் தையல் கடைக்கு விடுமுறை. வாலு பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தது. தங்கச்சி போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். தண்ணீரில் நெயில் பாலிஷைச் சொட்டி, அதில் விரலை முக்கி எடுக்கிறார்கள். வேலையற்ற வேலை என்று திட்டிக்கொண்டே ஒரு கிண்ணத்தில் ஃபிரிட்ஜ் தண்ணீரை ஊற்றினேன். சொட்டிய பாலிஷ் பரவாமல் கட்டியாக நின்றது. சளி மாதிரி இருக்கிறது என்றாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். தண்ணீர் ஜில்லென்று இருந்தால் விரியாது என்று பிறகுதான் புரிந்தது.

குழாய்த் தண்ணீரில் ஊதா வட்டமாக விரிந்தது. அதன் நடுவே வெள்ளை, மறுபடி ஊதா. குண்டூசியால் மெல்லக் கோடு இழுத்தேன். நகத்தைச் சுற்றி வாசலின் தடவி, விரலை அமிழ்த்தி, மேலே மிச்சம் மிதந்த பாலிஷ் ஏட்டைப் பல்குச்சியில் சுருட்டிய பிறகு விரலை வெளியே எடுத்தேன். கறுப்பு போன இடம் தெரியவில்லை. பத்தும் முடிவதற்குள் என் இடுப்பு ஒடிந்துவிட்டது. அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வாலு வந்தது, பார்த்தது, ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தது. ஒவ்வொரு நகமாகத் தடவியது.

"பெரியம்மா, அம்மாவுக்கு எல்லாம் சரியாயிடுச்சு! இனிமே அம்மாதான் என்னை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க."

சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்கும் சொல்ல ஓடிவிட்டது. தங்கச்சி இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டினாள்.

"துடைச்சிடுக்கா."

"பைத்தியமா உனக்கு? இப்பதான் கையைப் பிடிச்சா."

"நாளைக்கு நான் போயிட்டா, அம்மா பொய் சொல்லிட்டுப் போயிட்டான்னு நினைப்பா. துடைச்சிடு."

ரிமூவர் பட்டதும் நகக்கண் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். நான் அழுதுகொண்டே துடைத்தேன். திரும்பி வந்த வாலு, கறுத்த நகங்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டது.

"சரியாகலையாம்மா?"

"இல்லடா கண்ணு. அம்மாவுக்குச் சரியாகாதுடா."

குழந்தையின் உதடு பிதுங்கியது. அது என் முதுகுக்குப் பின்னால் வரவில்லை. வீறிட்டு அழுதபடி ஓடி, அந்தக் கறுத்த விரல்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டது. அன்று தூங்கும்வரை விடவே இல்லை.