காதால் வாங்கிய வண்டி

எங்கள் முதலாளி நல்லசிவம் அண்ணாச்சிக்கு வெடியைத் தவிர உலகத்தில் ஒன்றும் தெரியாது. தெரியாததைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். புதுச் சரக்கு தயாரானதும் விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு வெளியே பொட்டலில் நாற்காலி போட்டு, முதுகைக் காட்டிக் கண்ணை மூடி உட்காருவார். பின்னால் தூரத்தில் மூன்று வெடி வெடிப்பார்கள். ரெண்டாவதில் மருந்து கம்மி என்பார். அந்த வெடியைச் செய்தவன் தலையைச் சொறிந்துகொண்டு ஒத்துக்கொள்வான். அந்தக் காதை நானும் மெச்சியிருக்கிறேன். ஆனால் அதே காதை நம்பி ஒரு மனிதர் மோட்டார் சைக்கிள் வாங்குவார் என்று எவன் கண்டான்?

1963ஆம் வருஷம். மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவில் கடை கடையாக ஏறி இறங்கித் தீபாவளி ஆர்டர் பிடிக்கிற வேலை என்னுடையது. பதினோரு வருஷமாக பஸ்ஸில்தான் அலைச்சல். அந்த வருஷம் அண்ணாச்சி கம்பெனிக்கு ஒரு வண்டி வாங்கப்போவதாகவும், அதை ஓட்டுகிறவனுக்குத்தான் இனி ஆர்டர் வேலை என்றும் சொல்லிவிட்டார். நான் பஸ்ஸில் இடிபட்ட காலமெல்லாம் அந்த வேலையை ஏறிட்டும் பார்க்காத அவர் மச்சினன் வெள்ளைத்துரை, மறுநாளே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. அது என் மனைவி தேவமணிக்கு மட்டும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் அச்சங்குளத்தில் பஸ் நிற்பதற்குள் அவசரப்பட்டு இறங்கி, வலது கணுக்காலை முறித்துக்கொண்டேன். நொண்டியை வெளியூருக்கு அனுப்புவார்களா? டைபாய்டு என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டு ஒன்றரை மாசம் வீட்டில் கிடந்தேன். நர்ஸ் வேலை பார்க்கிறவள் என்பதால் தேவமணியே வைத்தியம் பார்த்து நடக்க வைத்தாள். நடை தேறிவிட்டது. பாதம் மட்டும் மேல்நோக்கி மடங்காது.

விருதுநகர் பருத்தி வியாபாரி ஒருவரிடமிருந்து ஒரு புல்லட்டும், மதுரை டாக்டர் ஒருவரிடமிருந்து ஒரு ஜாவாவும் இரவல் வந்தன. எங்கள் இரண்டு பேரையும் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார் அண்ணாச்சி. வெள்ளைத்துரை சிவகாசி கடைத்தெருவில் டீக்கடை முன்னால் மூன்று தடவை போய் வந்தான். அவ்வளவுதான் அவன் ஆராய்ச்சி. ஜாவா ஒரு தையல் மிஷின் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

நான் கடைக்காரர்களுக்குக் காட்டுகிற மாதிரிச் சரக்குப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டையும் சாத்தூர் ரோட்டிலும் தாயில்பட்டிக் கல்ரோட்டிலும் ஓட்டினேன். புல்லட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். எதிர்க்காற்றுக்கு அசையவில்லை, முதுகுக்குப் பின்னால் பெட்டி இருப்பதே தெரியவில்லை. மணலில் வேகம் குறைந்தால்தான் அதன் கனமெல்லாம் நம் இடுப்பில் வந்து இறங்கும். ஜாவா அப்படியில்லை. உடம்பைச் சாய்த்தால் போதும், திரும்பிவிடும். மாட்டுவண்டிகளுக்கு நடுவில் மீன் மாதிரி நுழைந்து வரும். கல்ரோட்டில் பெட்டியோடு சேர்ந்து கொஞ்சம் குதிக்கும், பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் அதன் தொந்தரவு.

என் காலுக்கு வேறு ஒரு நியாயம் இருந்தது. புல்லட்டில் உதைத்துக் கிளப்புவதும் வலது கால், கியரும் வலது கால். முதல் கியருக்குப் பாதத்தை மேலே தூக்க வேண்டும். ஜாவாவில் இரண்டுமே இடது கால். புல்லட்டை இறக்கமாகப் பார்த்து உருட்டித்தான் கிளப்பினேன். கியரைக் குறைக்கும்போதெல்லாம் தொடையோடு காலைத் தூக்கினேன். உயிர் போய் உயிர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்தால், பொட்டலில் நாற்காலி கிடக்கிறது. அண்ணாச்சி கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். பின்னால் இரண்டு வண்டிகளையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறான் வெள்ளைத்துரை. புல்லட் சத்தத்துக்கு அண்ணாச்சி முகம் மலர்ந்தது. ஜாவா போனதும், இதில் மருந்து கம்மி என்றார். ஃபோர்மேன் ஒச்சப்பன் அது வெறும் புஸ்வாணம்தான் என்று ஒத்து ஊதினான். அடப்பாவிகளா, வண்டியை ஏறி ஓட்டவா போகிறீர்கள், திரி கிள்ளிக் கொளுத்தவா?

அப்போது அண்ணாச்சி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"யோபு, ஓட்டப்போறது நீரு. ஒமக்கு எது தோது?"

வெள்ளைத்துரை கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே சிரித்தான். இந்த முட்டாள் கூட்டத்துக்கு முன்னால் என் காலைக் காட்டவா? எனக்கு ஆங்காரம் பொங்கியது.

"எதுன்னாலும் எனக்கு ஒண்ணுதான் அண்ணாச்சி. ஓட்டத் தெரிஞ்சவனுக்கு வண்டியில என்ன இருக்கு?"

அடுத்த மாசம் புதுப் புல்லட் வந்து இறங்கியது. கம்பெனி எல்லைக்குள் எந்த வண்டியையும் கிளப்பக்கூடாது என்பது சட்டம். அதனால் ரோடு வரை தள்ளிப்போய், மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வேலையாட்கள் அத்தனை பேரும் வெளியே வந்து நின்றார்கள். ரோடு சமதரை. உருட்டிக் கிளப்ப வழியில்லை. உதைத்தேன். கால் பாதியில் நழுவியது. மறுபடி உதைத்தேன். மூன்றாவது உதையை நான் அரைகுறையாக விட்டதும் மிதி எதிர்த்துத் திரும்பிக் கணுக்காலில் அடித்தது. கண் இருட்டி ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் குத்தவைத்து உட்கார்ந்து, என் பாதத்தைக் கையில் எடுத்து மெதுவாக மடக்கிப் பார்த்தார். அது மடங்கவில்லை. இது எப்பொழுது முறிந்த கால் என்று கேட்டார். சொன்னேன். டைபாய்டு பொய்யையும் சேர்த்துச் சொன்னேன்.

"அன்னைக்குக் கேட்டேன்லா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தச் சின்ன வண்டியவே வாங்கியிருப்பேனே. சத்தம் எனக்கு ஒரு ஆசை. அம்புட்டுத்தான்."

ஆர்டர் புத்தகத்தை எடுத்து நானே வெள்ளைத்துரையிடம் கொடுத்தேன். நாகர்கோவிலில் எந்தக் கடைக்கு முதலில் போக வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். சொன்னேன். ஒரே உதையில் வண்டியைக் கிளப்பினான். வளைவில் கியரைக் குறைத்து, சாய்த்து, அலுங்காமல் திருப்பினான். நன்றாகத்தான் ஓட்டினான்.