லிஃப்ட் பக்கத்துக் கரும்பலகை

எங்கள் கட்டடத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை உண்டு. நகைக்கடையில் தங்கத்தின் விலையை எழுதுவதுபோல, அதில் சதுர அடி விலையைத் தேதி போட்டு எழுதிவைப்பார் சங்கத் தலைவர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்கும் அவருக்கும் அதன்பிறகு பேச்சுவார்த்தை இல்லை. ஊரில் எந்த மூலையில் எவன் வீட்டை விற்றாலும் எங்கள் பலகையில் எண் ஏறும். இறங்கியதாகச் சரித்திரம் கிடையாது. இறங்குவது லிஃப்ட் மட்டும்தான், அதுவும் அதற்கு மனமிருந்தால்.

நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. குழாயில் தண்ணீர் வராத நாளில்கூடப் பலகையைப் பார்த்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நடப்போம். குளிக்காத கோடீஸ்வரர்கள்.

இந்தப் பெருமையில் கத்தரி வைத்தவள் தரைத்தளத்தில் இருந்த என் அக்கா. தையல்காரி. முன்னறையில் வருஷக்கணக்காக மிஷின் மிதித்தவள், கடைவீதியில் மாடியோடு ஒரு கடையைப் பேசி முடித்திருந்தாள். கீழே தையல், மேலே குடித்தனம். அதற்கு வீட்டை விற்றாக வேண்டும். வாங்கவும் ஆள் தயார்: மொட்டைமாடி அறையில் வாடகைக்கு இருந்த நர்ஸ். அந்தப் பெண்ணுக்கு வங்கி எவ்வளவு கடன் தருமோ அதுதான் விலை என்றுவிட்டாள் அக்கா. பலகை விலையில் அது முக்கால்.

சேதி எட்டியதும் தலைவர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, நீ குறைச்சு வித்தா இங்க எல்லார் வீட்டு மதிப்பும் எறங்கிடும். புரியுதா?"

"உங்க வீடு நாலாவது மாடியிலதானே சார் இருக்கும். எறங்கி எங்க போகப்போகுது?"

"விளையாடாத. சங்கம் தடையில்லாச் சான்று குடுத்தாத்தான் வங்கியில கடன் குடுப்பான். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"கடைக்கு வேண்டியது வந்துடுது. மேல வர்றத வச்சு நான் என்ன பண்ண, சுவத்துல ஒட்டவா?" என்ற அக்கா, என் பக்கம் திரும்பினாள். "ஏன்டா தம்பி, உனக்கும் இதே கவலையா?"

நான் விட்டத்தைப் பார்த்தேன். அன்று காலையில்தான் என் மனைவி பலகை எண்ணை எங்கள் வீட்டுப் பரப்பால் பெருக்கி, வந்த தொகையைத் தன் தங்கைக்கு போனில் வாசித்திருந்தாள்.

கடையை விற்பவர் மாதக் கடைசிவரைதான் பொறுப்பேன் என்றார். தலைவர் பேனாவைத் திறக்கவே இல்லை. நர்ஸ், "விடுங்கக்கா, எனக்கு மொட்டைமாடிதான் எழுதியிருக்கு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அப்போதுதான் நகராட்சி விழித்துக்கொண்டது. சந்தை விலைப்படி வீட்டு வரி மாறும் என்று அறிவித்து, தெருத்தெருவாக அதிகாரிகளை அனுப்பியது. எங்கள் கட்டடத்துக்கு வந்த அம்மாள் உள்ளே நுழைந்தபோது தலைவர் ஈரத்துண்டால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் எண் வெளுத்ததே தவிர அழியவில்லை. அதிகாரி நின்று நிதானமாகப் படித்துக் குறித்துக்கொண்டார்.

"அது ஏதோ பழைய கணக்கு மேடம்."

"நேத்துத் தேதி போட்டிருக்கே சார்."

நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் தலைவர் படித்தவர், எழுதிக் கெட்டார்.

பிறகு தன் கட்டடத்தை அவர் தூற்றிய தூற்றலை, பங்காளிச் சண்டையில்கூட நான் கேட்டதில்லை. சுவர் வியர்க்கிறதாம், படி பெயர்கிறதாம், லிஃப்ட் ஆளை விழுங்குகிறதாம். ஆதாரத்துக்கு அதிகாரியை அக்கா வீட்டுக்கே அழைத்து வந்தார். "இவங்களே முக்கால் விலைக்குத்தான் விக்கிறாங்க. கேட்டுப் பாருங்க."

"வித்தாச்சா?" என்றார் அதிகாரி.

"சங்கத்தோட சான்று வரலியே மேடம்," என்றாள் அக்கா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது வராதவரைக்கும் நான் எங்க விக்கிறது?"

தலைவர் அங்கேயே, தையல் மிஷின்மேல் வைத்து எழுதிக் கையெழுத்தும் போட்டார். அக்கா அதை வாங்கி மடித்து, வாசலில் நின்ற நர்ஸின் கையில் கொடுத்தாள்.

"சரி, வீட்டுல என்ன கோளாறு? ஏன் இவ்வளவு குறைச்சு?" என்றார் அதிகாரி.

தலைவர் அக்காவுக்குக் கண்ணைக் காட்டினார். ஒழுகுது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என்னையும் சேர்த்து அத்தனை பேருக்கும் வரி குறையும்.

அக்கா துணியைக் கீழே வைத்தாள். "கோளாறா? என் வீட்டுலயா? சுவத்துல கைய வச்சுப் பாருங்க மேடம். ஈரம் இருந்தா இங்க உக்காந்து வெள்ளத் துணி தைக்க முடியுமா? ஜன்னலத் தெறந்து மூடுங்க, ஒரு சத்தம் வருதான்னு பாக்கலாம். இது நல்ல வீடு. வெல மட்டும் என் இஷ்டம்."

அதிகாரி சுவரைத் தடவி, விரலைப் பார்த்துக்கொண்டார். "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க" என்று எழுதிக்கொண்டார்.

வரி ஏறியது. எல்லோரும் புலம்பினோம். வீடு தன் பெயருக்கு மாறிய நர்ஸ் மட்டும், "என் பேர்ல வந்திருக்குண்ணா" என்று வரி ரசீதை மாடி மாடியாக எடுத்துப்போய்க் காட்டினாள்.

தலைவர் தூக்கி எறிந்த பலகை இப்போது அக்கா கடையில் தொங்குகிறது, தையல் கூலி எழுதி. போன வாரம் நான் அங்கே இருந்தபோது, கால்சட்டையின் இடுப்பைத் தளர்த்த வந்தார் தலைவர்.

"நமக்குள்ள என்னம்மா, கொஞ்சம் குறைச்சுக்கோ."

"நான் குறைச்சா இந்தத் தெருவுல எல்லாத் தையக்காரங்க மதிப்பும் எறங்கிடும் சார்."

அவர் பலகையைப் பார்த்தார். முழுக் கூலியையும் எடுத்து வைத்தார்.

பக்கத்தில் ஒருவர் சட்டைக்கு அளவு கொடுக்கக் காத்திருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்:

"எங்க அக்கா."